ஐந்தாம் மாடி ஆரஞ்சு

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அந்தக் கட்டடத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. கூட்டித் துடைக்கும் பெண்களுக்கு அங்கே மாடிதான் பெயர். நாலாம் மாடி என்று கூப்பிட்டால் ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள், ஆறாம் மாடி என்றால் இன்னொருத்தி. இவள் அஞ்சாம் மாடி. மகள் படிக்கும் நர்சிங் கல்லூரியிலிருந்து ஒருமுறை போன் செய்து, முழுப்பெயரைச் சொல்லி அவர்தானா பேசுவது என்று கேட்டபோது, ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி ரொம்ப நாள் சிரித்தார்கள்.

ஆபீஸ் ஆட்கள் வருவதற்குள் தரை காய்ந்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் இருட்டு விலகும் நேரத்தில் வந்து, வெயில் ஏறுவதற்குள் போய்விடுவாள். இத்தனை வருஷத்தில் தன் மாடியில் வேலை பார்த்த ஒருத்தர் முகத்தையும் அவள் கண்டதில்லை. ஆளை அறிய முகம் எதற்கு, கூடை போதும். இருமல் மாத்திரை உறைகளைப் போடுகிறவர் இருமல். கடித்த நகத்தை மேஜையடியில் துப்புகிறவர் நகம். எதையோ எழுதி எழுதிப் பொடிப்பொடியாகக் கிழித்துப்போடும் கிறுக்கன் ஒருவன் இருந்தான், அவன் பொடி. ஒவ்வொருவரையும் வாய்க்குள் திட்டிக்கொண்டேதான் பெருக்குவாள். ஆனால் நகம் ரெண்டு நாள் வரவில்லை என்றால் மனசு கேட்காது. காய்ச்சலாக இருக்குமோ என்று வீட்டில் போய்ச் சொல்வாள். யாருக்கு என்று கணவர் கேட்பார். நகத்துக்கு என்பாள்.

ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு மேஜைகள். ஒன்றில் பென்சில். சீவிய சுருள்களை ஒரு கிண்ணத்தில் சேர்த்து வைக்கிற ஒழுங்கான மனுஷன். அவருக்கு எதிரே ஆரஞ்சு. கோப்பை விளிம்பில் உதட்டுச் சாயம் இருக்கும், ஆகவே பெண். தினம் ஒரு ஆரஞ்சு. அதன் தோலை எங்கேயும் அறாமல், தலையிலிருந்து அடிவரை ஒரே சுருளாக உரித்து, ஒரு காகிதத்தின்மேல் போன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். காலையில் அந்த மூலையே மணக்கும். அஞ்சாம் மாடி அந்தச் சுருளை நுனியில் பிடித்துத் தூக்குவாள். அது அப்படியே நீண்டு தொங்கும். மற்ற குப்பையைக் கொட்டுகிற மாதிரி அதைக் கொட்ட அவளுக்குக் கை வராது. கடைசியாக, மேலாக வைத்துத்தான் பையைக் கட்டுவாள்.

தொழில் மந்தம் என்ற பேச்சு டீவியில் வருவதற்கு முன்னாலேயே கூடைக்குள் வந்துவிட்டது. ஐந்தாம் மாடியில் இருந்தது, வெளியூர் போகிறவர்களுக்கு டிக்கெட்டும் அறையும் ஏற்பாடு செய்கிற கம்பெனி. கையில் காசு குறைந்தால் ஜனங்கள் முதலில் விடுவது ஊர் சுற்றுவதைத்தான். முதலில் கடைச் சாப்பாட்டு டப்பாக்கள் நின்றன. அப்புறம் பிஸ்கட் உறைகள் நின்றன. காகிதக் கோப்பைகளைக் கழுவி இரண்டாம் தடவை குடிக்க ஆரம்பித்தார்கள். தலைவலி மாத்திரை அட்டைகள் மட்டும் கூடின. பிறகு ஒரு நாள் நகத்தின் மேஜையடி சுத்தமாக இருந்தது. மறுநாளும் சுத்தமாக இருந்தது. இந்தத் தடவை அது காய்ச்சல் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருமல் போனார், பொடி போனான். ஒரு திங்கட்கிழமை ஆரஞ்சு மேஜையில் காகிதம் மட்டும் இருந்தது, தோல் இல்லை.

ஒரே ஒரு கூரைக்கு மேலே கதையே வேறு. ஆறாம் மாடியில் இருந்தது, கடன் வாங்கிக் கட்டாதவர்களைப் போனில் விரட்டி வசூலிக்கிற கம்பெனி. அங்கே ஆள் எடுத்து மாளவில்லை. வாரத்துக்கு ஒரு பிறந்தநாள், ஒரு பதவி உயர்வு, பாதி தின்ற கேக், வெடித்த பலூன். பைகளைத் தூக்கித் தூக்கி இடுப்பே போச்சு என்று ஆறாம் மாடிக்காரி படிக்கட்டில் உட்கார்ந்து புலம்புவாள். அதைக் கேட்க அஞ்சாம் மாடிக்கு வயிறு எரியும். இடுப்பு போகிற அளவுக்குக் குப்பை கிடைப்பதும் ஒரு கொடுப்பினைதான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சொந்த வீட்டிலும் அதே கூத்து. அவள் கணவர் பழைய மேஜை நாற்காலி வாங்கி விற்கும் கடையில் வேன் ஓட்டுகிறார். கடைகளும் ஆபீஸ்களும் மூட மூட அவருக்குத் தலைக்கு மேல் வேலை. நல்ல காலம் வந்தால் பட்டினி, கெட்ட காலம் வந்தால் பிரியாணி என்று தன் தொழிலைத் தானே கேலி செய்துகொள்வார். முன்பு எல்லோருக்கும் எல்லாம் நன்றாக ஓடியபோது, இதே மனுஷன் மாதக்கணக்கில் வீட்டில் படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் மறக்கவில்லை. அன்றைக்கு அடுப்பு எரிந்தது ஐந்தாம் மாடியால். மகளைப் படிப்பில் சேர்த்ததும் அந்த மாடியை நம்பித்தான். கணவரின் வேன் ஓடினால் ஓடும், நின்றால் நிற்கும். தன் துடைப்பம் நிற்கக்கூடாது என்பதில் அவள் பிடிவாதமாக இருந்தாள்.

அதை நிறுத்துவதும் ஓட்டுவதும் சூப்பர்வைசர் கையில் இருந்தது. அவருக்கு ஒரு வழக்கம். விடிகாலையில் ஒவ்வொரு மாடியாக ஏறி, கூட்டுவதற்கு முன்னால் கூடைகளை எட்டிப் பார்ப்பார். அப்புறம் கொல்லைப்புறத்தில் வந்து விழும் பைகளைப் பார்ப்பார். எந்த மாடியில் குப்பை வற்றுகிறதோ அந்த மாடிக்காரியை நிறுத்திவிட்டு, பக்கத்து மாடிக்காரியைச் சேர்த்துப் பார்க்கச் சொல்வார். நாலாம் மாடி அப்படித்தான் போனாள். ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட வரவில்லை. அவளுடைய துடைப்பம் மட்டும் படிக்கட்டு மூலையில் தலைகீழாக நின்றது.

அடுத்தது தன் முறை என்று தெரிந்தபோதுதான் அவளுக்கு அந்தப் புத்தி வந்தது. குப்பை இல்லையென்றால் குப்பை போட்டுவிட்டுப் போகிறது.

வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். சூப்பர்வைசர் ஏறுவதற்கு முன்னால் ஓடி ஓடி ஒவ்வொரு மேஜையாக நிரப்பினாள். எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவளால் அது முடியவில்லை. இருமலுக்கு இருமல் மாத்திரை உறை. பொடிக்குக் காகிதத்தை உட்கார்ந்து பொடிப்பொடியாகக் கிழித்தாள். நகத்துக்கு என்ன செய்வதென்று யோசித்து, கடைசியில் தன் நகத்தையே வெட்டிப் போட்டாள். ஆரஞ்சுதான் ரொம்பப் படுத்தியது. வீட்டில் உட்கார்ந்து உரித்துப் பார்த்தால் பாதியில் அறும். மறுபடி ஒன்று, மறுபடி அறும். கணவருக்கும் மகளுக்கும் பழம் தின்று தின்று வாய் புளித்தது. என்னம்மா, மாசமா இருக்கியா என்று மகள் கிண்டல் செய்தாள். ஒரு நாள் கத்தி தானாக வழுக்கிக்கொண்டு போய், முழுச்சுருள் மடியில் விழுந்தது. தான் உரித்தது போலவே அவளுக்கு இல்லை.

சூப்பர்வைசர் வந்தார், எட்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், போனார். வேலை தப்பியது. இதைவிடச் சுலபமான ஏமாற்று உலகத்தில் இல்லை என்று முதல் வாரம் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அப்புறம் சிரிப்பு நின்றது. ஆள் இல்லாத மாடியில் ஆள் இருந்த அடையாளங்களைத் தினமும் தன் கையாலேயே வைத்து, தன் கையாலேயே எடுப்பது ஒரு மாதிரியான வேலை. இருமலின் மேஜைக்குப் போனால் இவளுக்குத் தொண்டை கரகரக்கும். பொடியின் நாற்காலி நேற்று விட்ட இடத்தில்தான் இருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். துடைக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். கையில் ஏறிய ஆரஞ்சு வாசனை எந்த சோப்புக்கும் போகவில்லை. சோற்றைப் பிசைந்தாலும் அந்த வாசனைதான் வந்தது.

ஒரு காலை, சூப்பர்வைசர் போன பிறகு, ஜன்னலோர மேஜைகளைத் துடைக்கப் போகும் நேரத்தில் லிப்ட் திறந்தது. அந்த நேரத்தில் ஆபீஸ் ஆள் யாரும் வந்ததே இல்லை. கசங்காத சட்டையும் கசங்கிய முகமுமாக ஒருவர் உள்ளே வந்து, பென்சில் மேஜையில் பையை வைத்தார். இவர்தான் அவரா என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர் எதிர் மேஜையைப் பார்த்துவிட்டார். தோல் சுருண்டு கிடந்தது. அவர் நின்ற நிலையிலேயே நின்றார்.

இங்கே யாராவது வந்தார்களா என்று அவர் கேட்டார். யாரும் வரவில்லை சார் என்றாள். அது உண்மைதான். உண்மையைச் சொல்லிப் பொய் சொல்வது எவ்வளவு லேசு என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாளும் அவர் வந்தார். அதற்கு மறுநாள் இன்னும் முன்னதாக வந்தார். சூப்பர்வைசர் வருவதற்கு முன்பே தோலை வைத்தாக வேண்டும், பென்சில் சார் கண்ணில் படாமலும் வைத்தாக வேண்டும். அவள் இருட்டோடு வந்து வைத்துவிட்டு, படிக்கட்டில் போய் நின்றுகொண்டாள். அவர் வந்து எதிரே உட்கார்ந்து தோலையே பார்த்துக்கொண்டிருப்பார். பேச மாட்டார், தொட மாட்டார். ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் அவள் துணியோடு வந்து தயங்கி நின்றபோது, உட்காருங்கம்மா என்று சொன்னார். அந்த மாடியில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அவள் நின்றுகொண்டே கேட்டாள்.

அவரும் ஆரஞ்சும் ஒரே வேலையைத்தான் எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்களாம். ஆளைக் குறைக்கும் நேரம் வந்தது.

“ரெண்டு பேர்ல யாரு இருக்கணும்னு என்கிட்டயே கேட்டாங்கம்மா. நான் என் பேரைச் சொன்னேன். அவங்க என்னை ஒண்ணும் கேக்கல. அன்னைக்கும் பழத்தை உரிச்சாங்க, பாதியை எனக்குக் குடுத்தாங்க, போயிட்டாங்க.”

அப்புறம் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அவள் கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

“இல்லம்மா, அவங்க இல்ல. வேலை போன கொஞ்ச நாள்லயே, தூக்கத்துலயே போயிட்டாங்க. அவங்க தம்பி போன் பண்ணிச் சொன்னார். நான் போகல. எந்த மூஞ்சிய வச்சுகிட்டுப் போறது.”

வேலை போனவள் வேறு எங்கேயோ, வேறு ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் அஞ்சாம் மாடி நினைத்திருந்தாள். செத்துப்போனவளின் காரியத்தை அல்லவா தன் கை செய்துகொண்டிருந்தது. அன்று கத்தி தானாக வழுக்கிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது. பையைக் கூடக் கட்டாமல் கீழே இறங்கி, கொல்லைப்புறக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

வீட்டில் சொன்னாள். கணவர் ஏதோ வேடிக்கை சொல்ல வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். பிறகு, அந்தக் கண்றாவியெல்லாம் நமக்கெதுக்கு, வேலை போனாப் போகட்டும், இப்ப என் வண்டி ஓடுதில்ல என்றார். அதுதானே பயம் என்று அவள் நினைத்தாள். ஊரெல்லாம் விழுந்தால்தான் அந்த வண்டி ஓடும். அதில் உட்கார்ந்து எத்தனை நாளைக்குப் போவது. ஆனால் அந்த மனுஷன் இளைத்துப்போவது அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. பயத்தில் இளைக்கிறார், தான்தான் ஒரு ஆளை உயிரோடு அரிக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாளிலிருந்து ஆரஞ்சை நிறுத்தினாள். இருமலையும் பொடியையும்கூட நிறுத்திவிட்டாள். கூடைகள் மறுபடி காலியாயின. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று நாலாம் மாடியைக் கேட்டால் தெரியும்.

பென்சில் சார் தேறுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ இன்னும் மோசமானார். சவரம் செய்வதை விட்டுவிட்டார். வந்ததும் வராததுமாக எதிர் மேஜையைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், மறுபடி மேஜையைப் பார்ப்பார். ஒரு நாள், இப்பல்லாம் வரதில்லையேம்மா என்று அவளிடமே கேட்டார். வீட்டு மனுஷர் வரவில்லையே என்று கேட்கிற குரலில் கேட்டார். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. வேலை போனால் போகிறது என்று துணியை வாளியில் போட்டாள்.

“நான்தான் சார். தோலை நான்தான் வச்சேன். கூடை காலியா இருந்தா என்னை நிறுத்திடுவாங்கன்னு வச்சேன். அவங்க உரிக்கிற மாதிரியே உரிக்கக் கத்துக்கிட்டேன். அவங்க இல்லைன்னு எனக்குத் தெரியாது சார்.”

அவர் கத்துவார், கீழே போய்ச் சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றாள். அவரோ கிண்ணத்திலிருந்த பென்சில் சுருளை விரலால் கிளறிக்கொண்டிருந்தார்.

“நான் வேற மாதிரி நெனச்சுகிட்டு இருந்தேன்மா. அவங்களுக்குக் கோவம் போயிடுச்சு, என்னை மன்னிச்சுட்டாங்க, அதான் வந்துட்டுப் போறாங்கன்னு நெனச்சேன்.”

பயந்துகொண்டிருந்தது தான்தான், அவர் இல்லை என்று அவளுக்கு அப்போது புரிந்தது. தன் மனசு லேசாவதற்காக வாயைத் திறந்து, அவரிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டாள். உண்மையைச் சொன்னதற்காக அவள் வாழ்க்கையில் வெட்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் தேவை இருக்கவில்லை. அந்த வாரத்திலேயே கம்பெனி முழுதாக மூடப்போவதாகச் செய்தி வந்தது. எதிரே இருந்தவளை அனுப்பிவிட்டுப் பிடித்துவைத்த நாற்காலி அவருக்கு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டார். இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டு போனாள். ஆறாம் மாடிக்காரர்களுக்கு இடம் போதவில்லை, ஐந்தாம் மாடியையும் அவர்களே எடுக்கிறார்கள், இனி உனக்கும் இடுப்பு போகும் என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். இத்தனை ஆரஞ்சும் உரித்தது எதற்கு என்று படிக்கட்டு இறங்கும்போது தன்னையே கேட்டுக்கொண்டாள். வேலையைக் காப்பாற்றியது அவளுடைய பொய் இல்லை. கடனைக் கட்டமுடியாமல் எங்கேயோ போனை எடுக்கப் பயந்து உட்கார்ந்திருந்தவர்கள் காப்பாற்றினார்கள்.

மேஜை நாற்காலிகளை அள்ளும் வேலை யாருக்குக் கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கணவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். நாளைக்கு உன் மாடிக்குத்தான் வர்றோம், நல்லதா ஒரு நாற்காலி உனக்குன்னு எடுத்து வைக்கிறேன், ஆயுசு பூரா நின்னே வேலை பார்த்துட்ட என்றார். ஆசையாகத்தான் சொன்னார். வேண்டாம் என்றாள். எந்த நாற்காலி யாருடையது என்று தனக்கு மட்டும் தெரியும் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது.

அன்று காலையில்தான் பென்சில் சார் பையில் தன் பொருட்களை அடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டிருந்தார்.

“நாளைக்கு ஒரு தடவை வைங்கம்மா. நீங்கதான் வைக்கிறீங்கன்னு தெரியும். தெரிஞ்சாலும் பரவால்ல.”

மறுநாள் இருட்டோடு போனாள். சூப்பர்வைசர் அந்த மாடியை எட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டதால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. வீட்டிலிருந்து உரித்துக் கொண்டுவராமல் பழத்தை முழுதாகவே கொண்டுவந்தாள். ஆரஞ்சு உட்கார்ந்த இடத்தில் நின்று, அவளுடைய மேஜையில் வைத்தே உரிக்க வேண்டும் என்று தோன்றியது. கையை மூன்று தடவை கழுவிக்கொண்டு ஆரம்பித்தாள். இத்தனை நாளும் அறாத தோல் அன்றைக்கென்று பாதியில் அறுந்தது. வேறு பழம் இல்லை. மிச்சத்தை உரித்து, இரண்டு துண்டையும் ஒட்டினாற்போல அடுக்கி, வெட்டுத் தெரியாமல் திருப்பி வைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது.

அவர் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு வந்தார். எதிரே உட்கார்ந்தார். இதுவரை தொடாதவர் அன்று கையை நீட்டி, சுருளின் நுனியைப் பிடித்துத் தூக்கினார். ஒரு துண்டு கையோடு வந்தது. இன்னொன்று மேஜையிலேயே கிடந்தது. அவள் துணியைப் பிசைந்துகொண்டு நின்றாள். கீழே கணவரின் வேன் பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது.

அவர் அந்தத் துண்டை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

“அவங்களுக்கும் சில நாள் இப்படி அறுந்துபோகும்மா” என்றார்.

இத்தனை வருஷமாக அந்த மேஜையிலிருந்து தோலை எடுத்துப் பையில் வைத்தவள் அவள். அது ஒரு நாளும் அறுந்ததில்லை. அவருக்கும் அது தெரியும்.

“ஆமா சார்” என்றாள். “நானும் பாத்திருக்கேன்.”